பணக்கார முதலாளி, பெரிய கடன்: உங்கள் கிளப் தாங்குமா?

சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்காக நள்ளிரவு தாண்டிக் கண் விழிப்பவரா நீங்கள்? அப்படியானால் மறுநாள் காலையில் செல்போனில் வரும் இன்னொரு வகைச் செய்தியும் உங்களுக்குப் பழகியிருக்கும். இந்தக் கிளப்புக்கு இத்தனை கோடி கடன், அந்தக் கிளப்பை இன்ன நாட்டு இளவரசர் வாங்கப்போகிறார், இன்னொரு கிளப்புக்குப் புள்ளிகள் பறிப்பு. கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே வட்டிக் கணக்கும் வருகிறது.

படித்ததும் சந்தேகம் எழும். இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு நம் அணி இன்னும் பத்து வருடம் உச்சத்தில் நிற்குமா? முதலாளி பெரும் பணக்காரராக இருந்துவிட்டால் கவலை இல்லையா? இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கணக்கியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை, ஆட்ட நாளில் விற்கும் டிக்கெட், விளம்பரதாரர்களும் ஜெர்சி விற்பனையும் தரும் பணம். செலவில் பெரும்பங்கு ஆட்டக்காரர்களின் சம்பளம். அணி ஜெயித்தால் வருமானம் ஏறும், தோற்றால் இறங்கும். சம்பளம் மட்டும் அப்படி இறங்காது, ஒப்பந்தம் போட்டாயிற்று. கால்பந்துக் கிளப்புகள் கடனில் சிக்குவதற்கு அடிப்படைக் காரணம் இவ்வளவுதான்.

கடன் என்றாலே பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஆர்சனல் 2006-ல் ஹைபரி என்ற பழைய அரங்கை விட்டு, 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸ் அரங்குக்கு மாறியது. அதற்காக வாங்கிய கடன் பெரியது. தவணை கட்டிய காலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். 2005-க்கும் 2014-க்கும் நடுவே ஒரு கோப்பைகூட வரவில்லை. ரசிகர்கள் நொந்துபோனார்கள். ஆனால் அரங்கு நின்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பைவிட 20,000 பேருக்கு மேல் கூடுதலாக டிக்கெட் வாங்குகிறார்கள்.

டோட்டன்ஹாமும் 2019-ல் புது அரங்கு திறந்தது. அந்தக் கடனைக் குறைந்த வட்டியில், சராசரியாக 20 ஆண்டுகளுக்கும் மேலான தவணைக்கு மாற்றிக்கொண்டது. இரண்டு இடத்திலும் கடன் பணம் கிளப்பின் சொத்தாக மாறியது. ஆகவே வெறும் தொகையைப் பார்த்துப் பதறினால், பதற வேண்டாத கிளப்புக்காகப் பதறுவீர்கள்.

அப்படியானால் எது கெட்ட கடன்?

மான்செஸ்டர் யுனைடெட்டின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இதைப் புரிந்துகொண்டால் மற்ற கிளப்புகளின் செய்தி பாதி புரிந்த மாதிரி.

2005 மே மாதம், அமெரிக்கரான மால்கம் கிளேசர் யுனைடெட்டை வாங்கினார். அவர் ஏற்கெனவே டேம்பா பே பக்கனியர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளி. (அது பெரும்பாலும் கையால் ஆடும் வேறு ஆட்டம், பெயர் மட்டும்தான் கால்பந்து.) கிளப்புக்குப் போட்ட விலை சுமார் 79 கோடி பவுண்டு. அதில் 50 கோடி பவுண்டுக்கு மேல் கடன். அதுவரை யுனைடெட்டுக்குக் கடனே கிடையாது.

இந்தக் கதையில் ஒரு குதிரையும் உண்டு. அப்போது கிளப்பின் பெரிய பங்குதாரர்கள் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் மேக்னியர், ஜே.பி. மக்மேனஸ் என்ற இரண்டு குதிரைப் பந்தயப் புள்ளிகள். ராக் ஆஃப் ஜிப்ரால்டர் என்ற பந்தயக் குதிரையின் இனப்பெருக்க வருமானத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேக்னியரோடு மல்லுக்கு நின்றார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடுத்த வருடமே அந்த இருவரும் தங்கள் 28.7 சதவீதப் பங்கை கிளேசரிடம் விற்றுவிட்டார்கள்.

கிளேசர் வாங்கிய கடனைக் கிளப் ஏன் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. இந்த ஏற்பாட்டுக்கு லீவரேஜ்டு பைஅவுட் (வாங்கப்போகும் நிறுவனத்தையே ஈடு காட்டிக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் அதே நிறுவனத்தை வாங்குவது) என்று பெயர். நன்றாக ஓடும் ஒரு மெஸ்ஸை ஒருவர் இப்படி வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பணம் கொஞ்சம்தான், மீதிக்கு அந்த மெஸ்ஸையே அடமானம் வைக்கிறார். தவணையை மெஸ்ஸின் கல்லாவிலிருந்தே எடுத்துக் கட்டுகிறார். புது அடுப்பு வரவில்லை, கூடுதலாக ஒரு மேசைகூட வரவில்லை. முதலாளி மாறிய செலவை இட்லி சாப்பிட வருபவர் கட்டுகிறார்.

சட்டப்படி இது செல்லும். அதனால்தான் யாராலும் தடுக்க முடியவில்லை.

கடனில் ஒரு பகுதி இன்னும் கொடுமையானது. ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கும் மேல் வட்டி. அந்த வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகலாம் என்று ஏற்பாடு. நம்மூரில் வட்டிக்கு வட்டி என்போமே, அதேதான். 2010 ஜனவரியில் கிளப்பின் பெயரில் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் (இத்தனை ஆண்டில் வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டும் சீட்டு) வெளியிட்டுப் பழைய வங்கிக் கடனை மாற்றினார்கள்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2010-ல் அரங்கு முழுக்கப் பச்சையும் தங்க மஞ்சளும் கலந்த கழுத்துத் துண்டுகள். யுனைடெட்டின் நிறம் சிவப்பு. பச்சையும் மஞ்சளும் அந்தக் கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கிய காலத்து நிறம். அணி பிடிக்கும், முதலாளி பிடிக்கவில்லை என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

2005 முதல் வட்டி, கட்டணம், கிளேசர் குடும்பமும் மற்ற பங்குதாரர்களும் எடுத்த ஈவுத்தொகை (லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தருவது) என எல்லாம் சேர்த்து வெளியே போன பணம் 100 கோடி பவுண்டைத் தாண்டியதாகக் கணக்கிடுகிறார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தால், அசல் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஆனால் அந்தக் கடனோடுதானே கோப்பைகளை அள்ளினார்கள்?

ஆமாம். 2007, 2008, 2009, 2011, 2013 என ஐந்து லீக் பட்டங்கள், 2008-ல் சாம்பியன்ஸ் லீக். எல்லாம் கடன் ஏறிய பிறகுதான். கடன் இருந்தால் அணி உடனே சரியும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஃபெர்குசன் முன்பே கட்டி வைத்திருந்த அணி அது. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் திறமையும் அவருக்கு இருந்தது. 2009-ல் ரொனால்டோவை 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டுக்கு விற்றபோது அது உலக சாதனை விலை. அந்தக் கோடையில் யுனைடெட் வாங்கியவர்களில் மைக்கேல் ஓவன் விலை எதுவும் தராமல் கிடைத்தவர். அப்படியும் மேலும் பட்டங்கள் வந்தன. 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த 12 சீசன்களில், 2025 வரை, ஒரு லீக் பட்டமும் இல்லை.

சரி, ஆட்டக்காரர் வாங்கக் காசில்லாமல் போனதா?

இல்லை. இதை மறைத்துச் சொல்வது சரியாகாது. 2016-ல் போக்பாவை 8.9 கோடி பவுண்டுக்கு, அன்றைய உலக சாதனை விலைக்கு, வாங்கியது இதே கிளப்தான். 2022-ல் ஆன்டனிக்கு 8 கோடிக்கு மேல். தவறான ஆட்களைத் தவறான விலைக்கு வாங்கியது நிர்வாகத்தின் கோளாறு. அதைக் கடன் தலையில் கட்ட முடியாது.

கடன் தின்றது கண்ணுக்கு உடனே தெரியாத பகுதியை. ஓல்டு டிராஃபோர்டு அரங்கில் கடைசியாகப் பெரிய விரிவாக்கம் நடந்தது 2006-ல். 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆடிய அன்று பெய்த மழையில், அரங்கின் கூரை மூலையிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி இருக்கைகள் மேல் கொட்டியது. வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த சீசனில் அணி லீக்கில் 15-வது இடம். 1974-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கீழே போனதில்லை.

தவணைக் கடன் கிளப்பைக் கொல்லவில்லை. தப்பு செய்தால் தாங்கிக்கொள்ளும் சக்தியைப் பிடுங்கிக்கொண்டது. கடனில்லாத பெரிய கிளப் நான்கு தப்பு செய்துவிட்டு எழுந்து நிற்கும். யுனைடெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுந்தது?

2024 தொடக்கத்தில் ஜிம் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ரசாயனத் தொழிலதிபர் யுனைடெட்டில் கால்வாசிப் பங்கை வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். முதல் சுற்றில் சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போனது. அடுத்த ஆண்டு மேலும் 200 பேர் வரை குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அரங்கில் ஊழியர் உணவகத்தை மூடினார்கள். சீசன் நடுவில் உறுப்பினர் டிக்கெட் குறைந்தபட்சம் 66 பவுண்டு என்று உயர்ந்தது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை எடுபட்டது.

தொடர் நஷ்டம்தான் காரணம் என்றது கிளப். உண்மைதான். அந்த நஷ்டத்துக்குள் வட்டியும் உட்கார்ந்திருக்கிறது.

வேறு கெட்ட கடன் உண்டா?

உண்டு. வராத வருமானத்தை நம்பி வாங்குவது. லீட்ஸ் யுனைடெட் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. ஆண்டுதோறும் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறுவோம், பணம் கொட்டும் என்று நினைத்து, வருங்கால டிக்கெட் வசூலை ஈடு காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். அந்த ஆண்டே ஓர் இட வித்தியாசத்தில் தகுதி தவறியது. ரியோ ஃபெர்டினாண்டில் தொடங்கி நல்லவர்களையெல்லாம் விற்றார்கள். 2004-ல் இரண்டாம் பிரிவு. அரங்கும் பயிற்சி மைதானமும் கைமாறின. 2007-ல் மூன்றாம் பிரிவு. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 16 ஆண்டுகள் ஆயின.

முதலாளி சொந்தப் பணத்தைப் போட்டால் நல்லதுதானே?

அவர் இருக்கும்வரை நல்லது. செல்சியைப் பாருங்கள். 2003-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் கடனோடு சேர்த்து 14 கோடி பவுண்டுக்கு வாங்கும்போது, செல்சி வென்றிருந்தது ஒரே ஒரு லீக் பட்டம், அதுவும் 1955-ல். அவர் காலத்தில் ஐந்து லீக் பட்டங்கள், இரண்டு சாம்பியன்ஸ் லீக். அதற்காக அவர் போட்டது சுமார் 150 கோடி பவுண்டு. ஏட்டில் அதுவும் கடன்தான். வட்டி கிடையாது, கேட்டதும் கிடையாது.

2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச் 10 அன்று பிரிட்டன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியது. செல்சியும் அவர் சொத்து. அன்றே கிளப்பின் கடை மூடியது, புதிதாக டிக்கெட் விற்கத் தடை, ஆட்டக்காரர் வாங்கவும் ஒப்பந்தம் நீட்டிக்கவும் தடை. வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் சாம்பியன் இந்த அணி!

ஆனால் மூன்று மாதத்துக்குள் 250 கோடி பவுண்டுக்கு அமெரிக்க முதலீட்டாளர் கூட்டணி ஒன்று வாங்கிவிட்டது. புதியவர்கள் பணத்தை இறைத்தார்கள். முதல் சீசனில் 12-வது இடம். 2025-ல் கிளப் உலகக் கோப்பை. முதலாளி போனதால் செல்சி அழியவில்லை. ஆனால் பட்டத்துக்குப் போட்டியிடும் அணி என்ற நிலையிலிருந்து ஒரே ஆண்டில் நழுவியது.

பேர் பெற்ற கிளப்பாக இல்லாவிட்டால் கதை வேறு. பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1995-ல் பிரீமியர் லீக்கையே வென்றது. உள்ளூர் இரும்பு வணிகர் ஜாக் வாக்கர் போட்ட பணம் அது. அவர் 2000-ல் இறந்தார். 2010-ல் புனேயின் கோழிப் பண்ணை நிறுவனமான வெங்கீஸ் வாங்கியது. 2012-ல் இரண்டாம் பிரிவு, 2017-ல் மூன்றாம் பிரிவு. இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்ட காலமும் வந்தது. முதலாளியிடம் பணம் இருந்தால் மட்டும் போதாது, அது கிளப்புக்கு வந்து சேரவும் வேண்டும்.

ஓர் அரசே பின்னால் நின்றால்?

அபுதாபி அரச குடும்பத்தின் ஷேக் மன்சூர் 2008-ல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கினார். 2018 முதல் 2024 வரை ஏழு சீசன்களில் ஆறு லீக் பட்டங்கள். கத்தார் 2011-ல் பாரிஸ் சென் ஜெர்மனை வாங்கியது. இவர்களுக்குப் பணம் தீர்வது பற்றிய கவலை குறைவு. விதியை மீறியதாக வரும் புகார்தான் பெரிய ஆபத்து. 2023 பிப்ரவரியில் சிட்டி மீது பிரீமியர் லீக் 100-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது.

இவர்களால் ஆபத்து அதிகம் யாருக்கு என்று கேட்டால், பக்கத்துக் கிளப்புக்கு என்பேன். பணக்கார முதலாளி, கடன் என்று இரண்டு தனி விஷயங்களாகப் பேசுகிறோம். ஒன்று மற்றொன்றைப் பெற்றுப் போடுகிறது.

2017-ல் பாரிஸ் கிளப் 22.2 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனாவிலிருந்து நெய்மாரைத் தூக்கியது. அதற்கு முன் யாரும் அந்த விலையில் பாதிக்கு மேல் கொடுத்ததில்லை. பார்சிலோனாவின் கையில் திடீரென்று பணம். விற்பவர்களுக்கெல்லாம் அது தெரியும். டெம்பெலே, கூட்டின்யோ என்று வாங்கி அந்தப் பணத்தையும் அதற்கு மேலும் கரைத்தார்கள். மெஸ்ஸியையும் இழந்துவிடக் கூடாதென்று சம்பளத்தை ஏற்றினார்கள். பிறகு கொரோனா வந்து அரங்கை மூடியது. 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா சொன்ன கடன் 135 கோடி யூரோ. ஸ்பெயின் லீக்கின் சம்பள வரம்பை மீறாமல் மெஸ்ஸியைப் பதிவு செய்ய வழியில்லை. அவர் மேடையில் அழுதுகொண்டே விடைபெற்று, போய்ச் சேர்ந்த இடம் பாரிஸ்.

இத்தனைக்கும் பார்சிலோனாவுக்கு முதலாளியே கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கிளப் அது. ஆகவே "ரசிகர்களே உரிமையாளராக இருந்தால் கடன் வராது" என்ற நம்பிக்கையும் சரியில்லை. தேர்தலில் ஜெயிக்கக் கோப்பை வேண்டும், கோப்பைக்கு ஆட்டக்காரர் வேண்டும், ஆட்டக்காரருக்குக் கடன் வேண்டும்.

பார்சிலோனா எப்படிப் பிழைத்தது?

எதிர்காலத்தை விற்று. 2022-ல் தன் லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. 2047 வரை வரப்போகும் பணத்தில் கால்வாசி இப்போதே கைமாறியாயிற்று. கூடவே, வெளியே தாராளமாக வாங்கக் காசில்லாததால் தன் பயிற்சிப் பள்ளிப் பையன்களை இறக்கியது. அதிலிருந்து வந்தவர்தான் லமீன் யமால். 2023, 2025 இரண்டிலும் லீக் பட்டம். கடன் ஓர் அணியை இளைஞர்கள் பக்கம் தள்ளி நன்மை செய்த அபூர்வக் கதை. யமால் மாதிரி ஒருவர் அந்தத் தலைமுறையில் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை நிதித் திட்டம் என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியில் போருசியா டோர்ட்மண்டும் இப்படித்தான். 1997-ல் ஐரோப்பிய சாம்பியன். கடனில் மூழ்கி, 2005-ல் திவாலின் விளிம்பில் நின்றது. அதற்குச் சற்று முன் எதிரி அணியான பேயர்ன் முனிச்சே 20 லட்சம் யூரோ கைமாற்றுக் கொடுத்த கதையும் உண்டு. பிறகு டோர்ட்மண்ட் இளைஞர்களை வைத்து 2011, 2012 பட்டங்களை வென்றது. அந்த பேயர்ன், கடனைக் கட்டுக்குள் வைத்து, 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது.

முதலாளியே கடனாளியாக இருந்தால்?

இன்டர் மிலானின் முதலாளியான சூனிங் என்ற சீன நிறுவனம், 2021-ல் ஓக்ட்ரீ என்ற அமெரிக்க நிறுவனத்திடம் 27.5 கோடி யூரோ கடன் வாங்கியது. ஈடு, கிளப்பின் பங்குகள். மூன்று ஆண்டில் வட்டியோடு 39 கோடியைத் தாண்டியது. 2024 மே மாதம் தவணை தவறியது; கிளப் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் இன்டர் தன் 20-வது இத்தாலிய லீக் பட்டத்தை வென்றிருந்தது. மைதானத்தில் சாம்பியன், ஏட்டில் ஜப்தி.

விதிகள் எதுவும் கிடையாதா?

இருக்கின்றன. 2023-ல் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி, மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறிய எவர்டனுக்கு அந்த ஆண்டு 10 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனமும் அணிச் செலவை வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது.

விதி வந்தால் ஓட்டையும் வரும். ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கணக்கெழுதலாம். அதனால் செல்சி எட்டு ஆண்டு, எட்டரை ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டு, ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டியது. பிறகுதான் ஐந்தாண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

அப்படியானால் பெரிய கிளப்புகள் விழுமா, விழாதா?

அழியமாட்டா. விழும். பெரிய கிளப் கடனில் சிக்கினால் வாங்குவதற்கு வரிசையில் ஆள் நிற்கும். 2010-ல் லிவர்பூல் கடன் கொடுத்த வங்கியிடம் போய்விடும் நிலை. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறி, 2020-லும் 2025-லும் லீக் வென்றது. உண்மையில் செத்துப்போவது சின்னக் கிளப்தான். 1885-ல் தொடங்கிய பரி கிளப், பணம் இருப்பதைக் காட்ட முடியாமல் 2019-ல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. வாங்க வந்த நிறுவனமும் கடைசியில் பின்வாங்கியது.

இதெல்லாம் இங்கே உட்கார்ந்து பார்க்கும் எனக்கு எதற்கு?

முதலில், செய்தியை வாசிக்க. அடுத்த முறை உங்கள் அணியை யாரோ வாங்குவதாகப் படித்தால், அவருடைய சொத்து மதிப்பைத் தாண்டிப் படியுங்கள். வாங்கும் பணம் அவருடையதா, கடனா? கடன் என்றால் ஈடு எது, கிளப்பா அவருடைய வேறு சொத்தா? போடும் பணம் பங்காகப் போகிறதா (திருப்பித் தர வேண்டாம்), முதலாளி கடனாகப் போகிறதா (ஒருநாள் கேட்கலாம்)? நல்ல நாளேடுகள் இந்த விவரங்களை எழுதும். கடைசிப் பத்திகளில் இருக்கும்.

"நிகரக் கடன்" (மொத்தக் கடனில் கையிருப்புப் பணத்தைக் கழித்தது) என்ற சொல்லையும் கவனியுங்கள். பல கிளப்புகள் அந்தக் கணக்கில், ஆட்டக்காரர்களை வாங்கியதற்கு மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய தவணை பாக்கியைச் சேர்ப்பதில்லை. செய்தியில் ஒரே கிளப்புக்கு இரண்டு வேறு கடன் தொகை வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

அரங்கின் பெயர், வருங்கால ஒளிபரப்புப் பணம் என்று எதையாவது விற்று அந்தக் காசில் நட்சத்திரத்தை வாங்குகிறார்கள் என்றால், வாங்கிய அன்று கொண்டாடுங்கள், ஆனால் ஐந்தாவது வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

என் பணத்தைப் போடலாமா?

ஜெர்சி வாங்கினால் ஜெர்சி கிடைக்கும், அதில் குழப்பமில்லை. ஃபேன் டோக்கன் (கிளப் பெயரில் இணையத்தில் விற்கும் கிரிப்டோ நாணயம்) விஷயத்தில் கவனமாக இருங்கள். அதை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஓட்டு, கோல் அடித்தால் எந்தப் பாட்டைப் போடலாம் என்பது போன்ற விஷயத்துக்குத்தான். கிளப்பில் துளிப் பங்கும் கிடைக்காது. விலையோ கிரிப்டோ சந்தையோடு ஏறி இறங்கும். கடனில் தவிக்கும் கிளப்புக்கு இது வட்டியில்லாத வருமானம், உங்களுக்கு அப்படி இல்லை.

யுனைடெட்டின் பங்கு 2012 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது; வெளிநாட்டுப் பங்கு வாங்கும் வசதி உள்ள இந்தியர் யாரும் வாங்கலாம். வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சந்தையில் விற்கும் பங்குக்கு ஒரு ஓட்டு, கிளேசர் குடும்பம் தனக்கென்று வைத்துக்கொண்ட வகைக்குப் பத்து ஓட்டு. லாப நஷ்டத்தில் பங்கு கிடைக்கும், முடிவெடுப்பதில் கிடைக்காது.

ஓட்டுதான் வேண்டும் என்றால், 2005-ல் கிளேசரை எதிர்த்துப் பிரிந்த ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தக் கிளப் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. யார் எத்தனை பணம் போட்டாலும் அதே ஓர் ஓட்டு. கீழ்மட்ட லீக்கில் ஆடும் அணி, நம் தொலைக்காட்சியில் வராது. 2015-ல் தங்களுக்கென ஒரு சின்ன அரங்கு கட்டினார்கள். ரசிகர்களே பங்கு வாங்கிப் பணம் திரட்டினார்கள். போதாததற்கு நகராட்சியிடம் கடன் வாங்கினார்கள்.